கழுவிப் போடும் காட்டன் ஏர் ஃபில்டர்: பெட்ரோலில் கழுவலாமா, எண்ணெய் எவ்வளவு விடுவது?

கரிசல்_டீசல் (கோவில்பட்டி):

எல்லோருக்கும் வணக்கம். வைகாசியில் 2014 மாடல் ஸ்விஃப்ட் டீசல் ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கினேன். மீட்டரில் 1,12,000 கிலோமீட்டர். நன்றாகத்தான் ஓடுகிறது. நேற்று வைப்பருக்குத் தண்ணீர் ஊற்ற பானட்டைத் திறந்தவன், அப்படியே ஏர் ஃபில்டர் பெட்டியையும் கழற்றிப் பார்த்தேன். உள்ளே பேப்பர் ஃபில்டர் இல்லை. கழுவிக் கழுவிப் போடுகிற காட்டன் ஃபில்டர், கே அண்ட் என் கம்பெனியுடையது. முன்பு வைத்திருந்தவருக்கு போன் போட்டுக் கேட்டேன். நான்கு வருடத்துக்கு முன்னால் மாட்டியதாகவும் அதற்கப்புறம் தொடவே இல்லை என்றும் சொன்னார். சிவப்பு நிறத்தில் இருக்கும் என்றார். இப்போது பார்த்தால் செம்மண் சுவர் மாதிரி இருக்கிறது. மடிப்புக்குள் இரண்டு மூன்று தட்டான் இறக்கை, ஒரு காய்ந்த வேப்பிலை. கம்பி வலை பாதி இடத்தில் தெரியவே இல்லை.

வேலை தூத்துக்குடியில். தினமும் எட்டயபுரம் வழியாகப் போய் வருகிறேன், ஒரு பக்கம் அறுபது கிலோமீட்டர். ஆடி பிறந்துவிட்டது. எங்கள் ஊர்க் காற்று தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, கரிசல் காடு அப்படியே எழுந்து ரோட்டுக்கு வந்துவிடும்.

எங்கள் மெக்கானிக் அண்ணன், "பெட்ரோலில் அலசி, பங்சர் கடையில் காற்றடித்து, மேலே கொஞ்சம் இன்ஜின் ஆயில் தடவிப் போட்டுவிடலாம், அரை மணி நேர வேலை" என்கிறார். கூட வேலை பார்க்கும் நண்பர், ஷாம்பூ போட்டுக் கழுவிக் காயவைத்து அப்படியே மாட்டினால் போதும், எண்ணெயெல்லாம் கம்பெனிக்காரன் வியாபாரம் என்கிறார். யார் சொல்வது சரி? எண்ணெய் விட வேண்டுமானால் எவ்வளவு? காய எத்தனை மணி நேரம் ஆகும்? காலை ஆறரைக்கு வண்டி எடுத்தாக வேண்டும், அதுதான் எனக்குப் பெரிய கவலை.

---

பார்ட்ஸ்கடை_மதுரை:

தம்பி, இருபது வருடமாக உதிரி பாகக் கடை வைத்திருப்பவன் என்கிற முறையில் சொல்கிறேன். அதைக் கழற்றி வைத்துவிட்டு பேப்பர் ஃபில்டர் ஒன்று வாங்கிப் போடுங்கள். உங்கள் ஊர்ப் புழுதிக்கு நல்ல பேப்பர் ஃபில்டரை மிஞ்ச ஒன்று கிடையாது. நுண்ணிய தூசியை அது நன்றாகவே பிடிக்கும். காட்டனில் காற்று தாராளமாகப் போகும், உண்மைதான். ஆனால் தினமும் ஆபீஸ் போய் வருகிற 75 குதிரைத் திறன் வண்டிக்கு அந்தத் தாராளம் எதற்கு?

மைலேஜ் கூடும் என்று நினைத்து வைத்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்காவில் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் 2009-ல் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறது. கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் இன்றைய பெட்ரோல் வண்டிகளில் ஃபில்டர் அடைத்திருந்தால்கூட மைலேஜ் குறையவில்லை, இழுவை மட்டும்தான் 6 முதல் 11 சதவீதம் அடிபட்டது. அடைத்த ஃபில்டருக்கே அப்படியென்றால், சுத்தமான பேப்பரை எடுத்துவிட்டு சுத்தமான காட்டனைப் போட்டு என்ன மிச்சமாகப் போகிறது? கார்புரேட்டர் காலத்து வண்டி வேறு விஷயம்.

---

ரிக்வண்டி_வீடு (திருச்செங்கோடு):

மதுரைக்காரர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் தம்பி கையில் இருப்பது நல்ல ஃபில்டர், ஒழுங்காகப் பராமரித்தால் பல வருடம் வரும். அதனால் கேட்ட கேள்விக்கே பதில் சொல்கிறேன். நானும் அதே 1248 சிசி இன்ஜின் ஸ்விஃப்ட்தான் வைத்திருக்கிறேன். 2013-லிருந்து காட்டன் ஃபில்டர்தான் ஓடுகிறது, இதுவரை நான்கு முறை கழுவியிருக்கிறேன். முதல் தடவை செய்த தப்பைக் கீழே எழுதுகிறேன், அதை நீங்கள் செய்ய வேண்டாம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் அப்பா காலத்திலிருந்து போர்வெல் ரிக் வண்டி. பாறையைத் தூளாக்கிக் காற்றால் மேலே ஊதித் தள்ளுவதுதான் அதன் வேலை. தூள் பறக்கும் அதே இடத்தில் நின்றுகொண்டுதான் கம்ப்ரசரும் இன்ஜினும் மூச்சு வாங்க வேண்டும். சின்ன வயதிலிருந்து நான் பார்த்த சண்டைகளில் பாதி ஏர் ஃபில்டர் சண்டை. ஃபில்டர் ஓரத்தில் ஒரு நூல் இடைவெளி விட்டு மாட்டியதற்காக அப்பா ஒரு ஆளை ராத்திரியோடு ராத்திரியாக வீட்டுக்கு அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன். அப்போது அநியாயமாகத் தோன்றியது. பிறகு ஒரு இன்ஜினைப் பிரித்தபோது லைனரை, அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் உருளையின் உள்சுவரை, தொட்டுக் காட்டினார். வழவழப்பாக இருக்க வேண்டிய இடம், உப்புத்தாள் தேய்த்ததுபோல நகத்தில் பட்டது. பாறைத் தூளில் இருக்கும் படிகக்கல் சாதாரண இரும்பைவிடக் கடினமானது. அது பிஸ்டனுக்கும் லைனருக்கும் நடுவில் எண்ணெயோடு சேர்ந்தால் சாணை பிடிக்கிற பசைதான்.

உங்கள் இன்ஜின் 4000 சுற்றில் ஓடும்போது, டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் ஏற்றும் கருவி) தள்ளுவதைக் கணக்கில் எடுக்காமலே, நிமிடத்துக்குச் சுமார் 2,500 லிட்டர் காற்றை இழுக்கிறது. டர்போ சேர்ந்தால் அதைவிட நிறைய. அவ்வளவு காற்றும் அந்த ஒரு சாண் துணி வழியாகத்தான் போகிறது. அரை மணி நேர வேலையாக இதை முடிக்க முடியாது என்று நான் சொல்வது இதனால்தான்.

நண்பர் சொன்ன "எண்ணெய் வேண்டாம்" கதைக்கு வருவோம். எல்லாவற்றிலும் ஆபத்தானது இதுதான். பேப்பர் ஃபில்டரில் துளைகள் மிக நுண்ணியவை, தூசி அதிலேயே தடுக்கப்படும். காட்டன் ஃபில்டர் அப்படி இல்லை. கம்பி வலைக்கு நடுவில் சில அடுக்கு பருத்தி வலைத்துணி, அவ்வளவுதான். கழுவிக் காய்ந்ததை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், கொசுவலை மாதிரி தெரியும். அந்த இழைகளில் ஊறி நிற்கும் பிசுபிசுப்பான எண்ணெய்தான் தூசியைப் பிடித்து வைக்கிறது. எண்ணெய் இல்லாமல் மாட்டினால் உங்கள் கரிசல் புழுதியில் பெரும்பகுதி நேராக டர்போவுக்குப் போகும். பழைய அம்பாசிடரிலும் டிராக்டரிலும் ஆயில் பாத் ஏர் கிளீனர் பார்த்திருப்பீர்கள், அடியில் எண்ணெய்க் கிண்ணம் இருக்குமே, அதுவும் இதே எண்ணத்தில் செய்ததுதான். எண்ணெய் இல்லாத கிண்ணத்தோடு யாரும் டிராக்டர் ஓட்ட மாட்டார்கள்.

பெட்ரோல் வேண்டவே வேண்டாம். டீசல், தின்னர், மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். ஃபில்டரைச் சுற்றி ரப்பர் போன்ற ஒரு சட்டம் இருக்கிறது பாருங்கள், அது பெட்டியோடு அழுந்தி உட்கார்ந்தால்தான் ஓரத்தில் காற்று புகாது. பெட்ரோலில் ஊறினால் அது உப்பும், அப்புறம் காய்ந்து விறைக்கும். பங்சர் கடைக் காற்றும் கூடாது, சர்வீஸ் ஸ்டேஷன் தண்ணீர்த் துப்பாக்கியும் கூடாது. ரிக் வண்டியின் பேப்பர் ஃபில்டரை நாங்கள் உள்ளிருந்து வெளியே மெதுவாகக் காற்றடிப்போம், அதுகூட வெளி ஃபில்டருக்கு மட்டும்தான். உள்ளே இருக்கும் சின்ன ஃபில்டரைக் கழுவவும் மாட்டோம், ஊதவும் மாட்டோம், மாற்றித்தான் ஆக வேண்டும். ஈரப் பருத்தியில் அழுத்தக் காற்று பட்டால் இழை விலகி ஓட்டை விழும். கண்ணுக்குச் சட்டென்று தெரியாது.

கிட் வாங்குங்கள். ஒரு கிளீனர், ஒரு சிவப்பு எண்ணெய் இரண்டும் சேர்ந்தே வரும். ஒரு கிட் எனக்கு மூன்று கழுவல் வரைக்கும் வருகிறது.

கழற்றுவதற்கு முன்னால் பெட்டியின் வெளிப்பக்கத்தை ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மூடியைத் திறக்கும்போது மேலே இருக்கும் மண்ணே உள்ளே விழும். ஃபில்டரை எடுத்ததும் டர்போவுக்குப் போகும் குழாயின் வாயைச் சுத்தமான பாலிதீன் கவரால் மூடி ரப்பர் பேண்ட் போடுங்கள். அந்தப் பக்கத்தைத் துடைக்க பனியன் வேஸ்ட் எடுக்காதீர்கள், நூல் உதிரும். பழைய வேட்டித் துணி நல்லது.

அப்புறம் ஃபில்டரைக் கவிழ்த்து மெல்லத் தட்டி, இலை இறக்கையெல்லாம் உதிர்ந்த பிறகு, இரண்டு பக்கமும் கிளீனர் அடித்துப் பத்து நிமிடம் ஊற விடுங்கள். வெயிலில் வைக்காதீர்கள், கிளீனர் அதிலேயே காய்ந்துவிட்டால் அழுக்கு மறுபடி ஒட்டிக்கொள்ளும். தண்ணீர்க் குழாயை மெதுவாகத் திறந்து, இன்ஜினைப் பார்த்திருக்கும் சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்குப் பக்கமாகத் தண்ணீர் ஓட வேண்டும். வந்த வழியே தூசியைத் திருப்பி அனுப்புவதாக நினைத்துக்கொள்ளுங்கள். மாற்றிப் பிடித்தால் அழுக்கை உள்ளே ஏற்றுகிறீர்கள். நான்கு வருட அழுக்கு ஒரு தடவையில் போகாது. நான் முதல் தடவை கழுவும்போது, தண்ணீர் முதலில் காபி டிகாஷன் நிறத்தில் வந்தது, இரண்டாம் தடவை ரோஸ் பால் நிறம், மூன்றாம் தடவைதான் தெளிந்தது. பழைய சிவப்பு எண்ணெய் முழுக்கப் போனதற்கு அடையாளம் அந்த ரோஸ் நிறம் நிற்பதுதான்.

இப்போது காய வைப்பது. என் முதல் தப்பு இங்கேதான் ஆரம்பித்தது. 2016-ல் காலையில் கழுவி மதியம் தொட்டுப் பார்த்தேன், கைக்குக் காய்ந்த மாதிரி இருந்தது. எண்ணெய் விட்டேன். சில மடிப்பில் சிவப்பு பரவியது, சில மடிப்பில் வெள்ளையாகவே நின்றது. குறைவாக விட்டுவிட்டோம் என்று நினைத்து மேலும் விட்டேன், மறுபடியும் விட்டேன். உண்மையில் மடிப்பின் அடியில் ஈரம் நின்றிருந்தது. ஈரம் இருக்கிற நூலில் எண்ணெய் ஏறாது. ஈரம் போன பிறகு நான் கொட்டிய எண்ணெய் முழுவதும் சேர்ந்து அடிவரிசையில் தேங்கிவிட்டது. பத்து நாளில் வண்டி இழுவை குறைந்து, மீட்டரில் இன்ஜின் விளக்கு எரிந்தது. ஸ்கேனரில் பி0101, காற்று அளவு சென்சார் கோளாறைச் சொல்லும் எண். ஏர் பெட்டிக்கு அடுத்து குழாயில் இருக்கும் காற்று அளவு சென்சாரில் மெல்லிய எண்ணெய்ப் படலம். என் கைத் தப்பு, வண்டியின் தப்பு இல்லை.

அதிலிருந்து நான் வைத்திருக்கும் வழக்கம் இது. சமையலறைத் தராசு இருக்கிறதல்லவா, கிராம் காட்டுவது. கழுவி நீர் வடிந்ததும் ஒரு தடவை எடை போடுவேன். நிழலில், காற்றோட்டமான இடத்தில், தரையில் படாமல் இரண்டு மரச்சட்டத்தின் மேல் நிறுத்தி வைப்பேன். மாலையில் ஒரு எடை, மறுநாள் காலையில் ஒரு எடை, மதியம் ஒரு எடை. அடுத்தடுத்த இரண்டு எடை ஒன்றாக நின்றால்தான் காய்ந்தது என்று அர்த்தம். என் ஃபில்டர் காலையில் 241 கிராம் காட்டியது, கையில் தொட்டால் சருகு மாதிரி இருந்தது, ஆனால் மாலையில் 236-க்கு வந்தது. அந்த ஐந்து கிராம் தண்ணீர்தான் 2016-ல் என்னை ஏமாற்றியது. ஹேர் டிரையர் கூடாது, அடுப்புப் பக்கம் கூடாது. பருத்தி சுருங்கினால் மடிப்பின் விளிம்பில் இடைவெளி விழும்.

எண்ணெய் விடும் நேரத்தில் அவசரப்படாதீர்கள். குப்பியில் வருவதாக இருந்தால் மூக்கை மடிப்பின் மேட்டில் வைத்து, ஒரு மடிப்புக்கு ஒரே ஒரு கோடு, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை. ஸ்பிரே என்றால் மூன்று விரற்கடை தள்ளி ஒரு மடிப்புக்கு ஒரே இழுப்பு. அழுக்குப் பக்கத்தில் விடுங்கள். விட்டதும் கோடு கோடாக அசிங்கமாக இருக்கும், இடையில் வெள்ளை நிறையத் தெரியும். கை மறுபடி குப்பிக்குப் போகும். போக விடாதீர்கள். இருபது நிமிடம் வேறு வேலை பாருங்கள். திரும்பி வரும்போது அந்தக் கோடுகள் விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோலத் தானே பரவி ஒன்றோடு ஒன்று சேர்ந்திருக்கும். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, அப்போதும் வெளுப்பாகத் தெரியும் இடத்தில் மட்டும் ஒரு பொட்டு. இன்னொரு இருபது நிமிடம். இங்கேயும் தராசு உதவும். என் ஃபில்டருக்கு முப்பது கிராம் எண்ணெய் ஏறுகிறது. உங்களுடையதும் அதே அளவு ஃபில்டர்தான், அதனால் அதை ஒட்டித்தான் வரும். மாட்டும் முன் ஒரு தாளின் மேல் இரவு முழுக்க நிறுத்தி வையுங்கள். தாளில் சிவப்புச் சொட்டு விழுந்தால் அதிகம் விட்டுவிட்டீர்கள்.

இன்ஜின் ஆயில் ஏன் ஆகாது என்றால், அது ஓடுவதற்காகச் செய்த எண்ணெய். அழுக்கைத் தன்னோடு கரைத்துக்கொண்டு போக மருந்து சேர்த்திருப்பார்கள். இங்கே நமக்கு வேண்டியது இழையை விட்டு நகராத எண்ணெய். இன்ஜின் ஆயில் தடவினால் ஒரு வாரத்தில் கீழே இறங்கிவிடும், மேல்பாதி வறண்டு நிற்கும், கீழ்ப்பாதியில் தேங்கியதைக் காற்று இழுத்துக்கொண்டு போகும்.

கடைசியாக, காலை ஆறரை மணிக் கவலை. ஒரு பேப்பர் ஃபில்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதே பெட்டியில் உட்காரும். காட்டன் காய்கிற இரண்டு நாளும் அதைப் போட்டு ஓட்டுங்கள். நான் 2016-ல் மதியமே எண்ணெய் விட்டதற்குக் காரணம் சாயங்காலம் ஈரோடு போக வேண்டியிருந்ததுதான். அன்றைக்கு ஒரு பேப்பர் ஃபில்டர் கையில் இருந்திருந்தால் எதுவுமே நடந்திருக்காது.

---

கரிசல்_டீசல்:

அண்ணாச்சி, ரொம்ப நன்றி. இவ்வளவு பொறுமையாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. கிட் ஆர்டர் போட்டுவிட்டேன், பேப்பர் ஃபில்டர் இன்று சாயங்காலம் வாங்குகிறேன். இரண்டு சந்தேகம். அந்த சென்சார் ஏற்கெனவே அழுக்காக இருக்குமோ? அதை நானே கழுவலாமா? அப்புறம், எங்கள் ஊர் தூசிக்கு இதை ஆறு மாதத்துக்கு ஒரு முறை கழுவினால் சரியாக இருக்குமா?

---

ஸ்கேனர்_ஓசூர்:

சென்சார் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். டீசல் வண்டி மின்சாரக் கோளாறு பார்ப்பதுதான் என் தொழில்.

உள்ளே ஒரு மெல்லிய தகடு சூடாக இருக்கும். போகிற காற்று அதைக் குளிர வைக்கும். பழைய சூட்டுக்குக் கொண்டுவர எவ்வளவு மின்சாரம் தேவைப்படுகிறதோ அதை வைத்து எவ்வளவு காற்று போகிறது என்று கணக்குப் போடுவார்கள். எண்ணெய்ப் படலம் ஏறினால் அதற்குப் போர்வை போர்த்திய மாதிரி. தூசியும் அதில் ஒட்டும். காற்றைக் குறைவாகக் காட்டினால் இ.சி.யு. (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) டீசலையும் குறைத்துத்தான் விடும், வண்டி மந்தமாகும். புகையில் ஒரு பகுதியைத் திருப்பி இன்ஜினுக்குள் விடும் இ.ஜி.ஆர். அமைப்பின் கட்டுப்பாடும் இந்த சென்சாரை நம்பித்தான் இருக்கிறது.

விளக்கு எரியவில்லை, இழுவை குறையவில்லை என்றால் சும்மா தொட வேண்டாம். சந்தேகம் இருந்தால் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். கழுவுவதானால் அதற்கென்றே வரும் சென்சார் கிளீனர் ஸ்பிரே மட்டும். கார்புரேட்டர் கிளீனர், பிரேக் கிளீனர் அடித்து சென்சாரைச் சாகடித்துவிட்டு வந்தவர்கள் நிறைய. இக்னிஷனை அணைத்துக் கொஞ்ச நேரம் ஆறவிட்டு, பிளக்கைக் கழற்றி, சென்சாரை வெளியே எடுத்துத் தள்ளி நின்று அடியுங்கள். காது குடையும் பஞ்சு, துணி, விரல் எதுவும் உள்ளே போகக் கூடாது, அந்தத் தகடு அவ்வளவு மெல்லியது. நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள்.

பெரும்பாலான வண்டிகளில் நான் பார்த்தது ரிக்வண்டி அண்ணன் சொன்னதுதான். எண்ணெய் அளவாக விட்ட ஃபில்டரால் சென்சார் கெட்டதாக எனக்கு வந்ததில்லை. கொட்டி நனைத்துப் போட்டவைதான் வந்திருக்கின்றன.

---

ரிக்வண்டி_வீடு:

ஆறு மாதம் என்று காலண்டர் வைத்துக் கழுவாதீர்கள் தம்பி. கே அண்ட் என் கம்பெனியே சொல்வது, ஃபில்டர் முழுக்கக் கம்பி வலை கண்ணுக்குத் தெரிகிற வரை, எவ்வளவு அழுக்காகத் தெரிந்தாலும் கழுவ வேண்டாம் என்று. சாதாரண ரோட்டில் ஓடும் வண்டிக்கு அவர்கள் கொடுக்கும் கணக்கு 50,000 மைல், அதாவது 80,000 கிலோமீட்டர். உங்கள் ஊருக்கு அது பொருந்தாது. கரிசல் மண் முகப்பவுடர் மாதிரி நுண்ணியது. கணக்கை மறந்துவிட்டு, ஆடிக் காற்று அடங்கியதும் ஒரு முறை, பொங்கல் கழிந்து ஒரு முறை பெட்டியைத் திறந்து பாருங்கள். வலை மறைந்திருந்தால் கழுவுங்கள். மறையவில்லையென்றால் மூடிவிடுங்கள். படிந்த தூசியே மேலும் தூசியைப் பிடிக்க உதவும், அதனால் அடிக்கடி கழுவுவதும் நல்லதல்ல. ஒவ்வொரு கழுவலிலும் பருத்தியின் ஆயுளும் குறைகிறது.

ஒன்று மட்டும் செய்யுங்கள். திறக்கும்போதெல்லாம், ஃபில்டரைத் தாண்டி இன்ஜின் பக்கம் இருக்கும் குழாயின் உள்சுவரை சுத்தமான வெள்ளைத் துணியால் ஒரு விரல் அளவுக்குத் துடைத்துப் பாருங்கள். துணி வெள்ளையாக வந்தால் நிம்மதி. மண் நிறம் வந்தால் ஓரம் சரியாக உட்காரவில்லை, அல்லது எங்கேயோ கிழிந்திருக்கிறது. கழுவிக் காய்ந்த பிறகு ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தும் பாருங்கள். எல்லா இடத்திலும் ஒரே சீராக வெளிச்சம் கசிவது சரி, வலைத்துணி என்றால் அப்படித்தான். ஏதோ ஒரு இடத்தில் மட்டும் நட்சத்திரம் மாதிரி பளிச்சென்று தெரிந்தால் அந்த ஃபில்டரை வைத்துக்கொள்ள ஆசைப்படாதீர்கள்.

---

பார்ட்ஸ்கடை_மதுரை:

எண்ணெய் விடாமல் போடும் செயற்கை இழை ஃபில்டரும் கடைகளில் வருகிறது, நீலம் அல்லது சாம்பல் நிறத்தில். அதையும் கழுவலாம், ஆனால் அதற்கு எண்ணெய் விடவே கூடாது, அடைத்துக்கொள்ளும். இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு யாராவது அதற்கும் சிவப்பு எண்ணெய் வாங்கி ஊற்றிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். எந்த வகை என்று ஓரத்திலேயே அச்சிட்டிருக்கும்.

பைக்குக்கு வரும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் எண்ணெயும் இதுவும் வேறு வேறு. அதையும் மாற்றி வாங்க வேண்டாம்.

---

கரிசல்_டீசல்:

வேலை முடிந்தது. வெள்ளி இரவு பேப்பர் ஃபில்டர் மாட்டினேன், சனிக்கிழமை காலையில் கழுவினேன். மூன்று முறை கிளீனர் அடிக்க வேண்டியிருந்தது. முதல் தண்ணீர் எங்கள் ஊர் ஓடையில் முதல் மழைக்கு வரும் தண்ணீர் மாதிரியே கறுப்பாக வந்தது. அண்ணாச்சி சொன்ன ரோஸ் நிறத்தை அப்படியே பார்த்தேன்.

எடை: கழுவி வடிந்ததும் 302 கிராம். சனி மாலை 251. ஞாயிறு காலை 240. தொட்டால் நன்றாகக் காய்ந்திருந்தது, நானாக இருந்தால் அப்போதே எண்ணெய் விட்டிருப்பேன். ஞாயிறு மாலை 235, திங்கள் காலை 235. அம்மா, "தோசை மாவுக்கு வைத்திருக்கிற தராசில் காரைத் தூக்கி வைக்கிறாயே" என்று கேட்டுவிட்டு, அப்புறம் அவரே வந்து எண்ணைப் படித்துச் சொன்னார்.

திங்கள் இரவு எண்ணெய் விட்டேன். இருபது நிமிடத்தில் அது பரவுவதைப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். முதலில் ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு சிவப்பு நூல், அப்புறம் நூலைச் சுற்றி ரோஸ் விளிம்பு, அது மெதுவாகக் கீழே இறங்கிப் பள்ளத்தில் அடுத்த மடிப்பின் நிறத்தோடு சேர்ந்தது. கடைசி எடை 264. தாளில் சொட்டு விழவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், சீராக இருந்தது. குழாயின் உள்சுவரில் துணி வெள்ளையாகவே வந்தது, நான்கு வருடம் கழுவாமல் ஓடியும்.

மெக்கானிக் அண்ணனிடமும் காட்டினேன். மடிப்பைத் தடவிப் பார்த்துவிட்டு, அந்தக் கிட் எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.

ஒரே ஒரு கேள்வி. இடது மூலையில் சட்டத்தை ஒட்டி ஒரு நகக்கண் அளவுக்கு இன்னும் வெளுப்பாக இருக்கிறது. இரண்டாம் பொட்டு வைத்தும் ஏறவில்லை. விட்டுவிடலாமா?

---

ரிக்வண்டி_வீடு:

சட்டத்தின் பசை பருத்திக்குள் ஏறியிருக்கும் இடம் அது. அங்கே எண்ணெயும் ஏறாது, காற்றும் போகாது. என்னுடையதிலும் இருக்கிறது. ஓரத்தை வேட்டித் துணியால் துடைத்து, கிளிப் நான்கும் சரியாக விழுந்ததா என்று விரலால் அழுத்திப் பார்த்து மாட்டுங்கள் தம்பி. பேப்பர் ஃபில்டரைக் கவரில் கட்டி டிக்கியில் போட்டு வையுங்கள், அடுத்த தடவைக்கு ஆகும்.